விரால் குஞ்சுக்குக் காவல் இருந்தவர்கள்

1. சீல் வைத்த ரசீது

உத்திரமேரூர் பக்கம் மீன்வளத் துறை சார் ஆய்வாளராக மாற்றலாகி வந்த முதல் நாளே ஓர் ஆளுக்கு அபராதம் போட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதே ஆள், அதே இடத்தில், அதே தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிடு வேறு போட்டார்.

ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காவாந்தண்டலம் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஏரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் ஊர்க்காரர்கள் போன் செய்து சண்டைக்கு வருவார்கள். அந்த ஆளின் பெயரைச் சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தசரதன். ஏரிக்குக் கீழே நெல் போடுகிற விவசாயி. ஐம்பது வயது தாண்டியவர். தூண்டிலில் விரால் பிடிப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

"நேத்துதானே உங்களுக்கு ஃபைன் போட்டேன்?" என்றேன்.

"ஆமா மேடம். கட்டிட்டேனே." சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். "சீலு கூட நல்லா வியுந்து கீது பாருங்க."

"அது நீங்க பண்ண தப்புக்கு."

"சரி மேடம். அதான் கட்டியாச்சில்ல? இன்னிக்கு இன்னாத்துக்கு கோவிச்சிக்கிறீங்க?"

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. அந்த ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தது உள்ளூர் மீனவர் சங்கம். வலை போட அவர்களுக்கு மட்டும்தான் உரிமை. தூண்டில் போடுகிறவர்கள் சங்கத்திடம் ஒரு தொகை கட்டி, தூண்டில் சீட்டு என்று ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு உட்காருவது அங்கே வழக்கம். பணம் கட்டினால் சீட்டு, சீட்டு இருந்தால் மீன் பிடிக்கலாம். இதுதான் தசரதனுக்குத் தெரிந்த சட்டம். சங்கத்துச் சீட்டில் சீல் கிடையாது. என் ரசீதில் அரசாங்க முத்திரையே இருந்தது. ஆகவே அது சங்கத்துச் சீட்டை விடப் பெரிய சீட்டு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சங்கத்துக்காரர்கள் கேட்டதற்கும் அதைத்தான் காட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு பேர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "மேடம், எங்களுக்கும் ஆளுக்கொரு ரசீது போட்டுக் குடுத்துட்டீங்கன்னா பேஜார் இல்லாம புடிச்சிக்குவோம்."

நான் காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. வேலை முடிந்து வந்தால் கொல்லைப்பக்கமாக வா, குளித்துவிட்டு உள்ளே வா என்று சொல்கிற அம்மா எனக்கு. அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு இந்த உத்தியோகத்துக்கு வந்தவளுக்கு, தான் போட்ட அபராதம் லைசென்ஸாகிவிட்டது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த இரண்டு பேரையும் நான் திட்டிய திட்டு பக்கத்து ரேஷன் கடை வரிசை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

2. எது தப்பு

தசரதன் செய்தது என்ன தப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் செக்கச்செவேல் என்று இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும், காற்றுக் குடிக்க எல்லாம் சேர்ந்து மேலே வரும். அப்போது அந்த இடத்தில் தண்ணீர் உலை கொதிப்பது போல இருக்கும். கூட்டத்துக்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் சுற்றிக்கொண்டிருக்கும். எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

இது தெரிந்த தூண்டில்காரன் தவளையை முள்ளில் குத்திக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் போடுவான். பசிக்காக இல்லை, பிள்ளையைக் காப்பாற்ற விரால் வந்து கவ்வும். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு அந்த ஊரே காலங்காலமாக இதைச் செய்துகொண்டிருந்தது. குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிக்கக் கூடாது என்பது குத்தகை நிபந்தனையிலேயே இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை.

இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், முனியம்மாவுக்கு. சங்கத்தின் தலைவி அவர்தான். கட்லா, ரோகு குஞ்சுகளை எங்கள் துறையிலிருந்து வாங்கி ஏரியில் விடுவார்கள், அது ஒரு வருமானம். ஆனால் சங்கத்துக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்துவது விரால்தான். உயிரோடு கொண்டுபோய் விற்கிற மீன், விலையும் நிற்கும். அதுவோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. முந்தின தையில் சங்கத்தில் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள்.

முனியம்மா அதை என்னிடம் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டே சொன்னார்.

"வெரால் இல்லன்னா இந்த ஏரிய வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது மேடம்? மீதி கீற குடும்பமும் சூளைக்குத்தான் போவணும். நாங்க வுட்டா வெளியூர் காண்ட்ராக்டர் எடுப்பான். அவன் இன்னா குஞ்சு வுடுவான், இன்னா வலை போடுவான்னு உங்களுக்கே தெரியும்."

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"முன்னாடி இருந்த சாரும் அதான் சொன்னாரு" என்றார் முனியம்மா. ஈயக்குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

3. தேங்க் யூ மேம்

உள்ளூர்க்காரர்களிடம் அபராதம் எடுபடவில்லை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் வேறு வழியை முயன்று பார்ப்போம் என்று நினைத்தேன். படித்த பிள்ளைகள், நல்ல வேலையில் இருக்கிறவர்கள். ரீல் வைத்த ராடு, ரப்பர் தவளை, தொப்பி, தலையில் ஒரு கேமரா. பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினேன்.

கேட்கவும் செய்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் பிரசாந்த் என்ற பையன். ஐ.டி. கம்பெனி. நான் பேசி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஷ்யூர் மேம். நாங்க ரெஸ்பான்சிபிள் ஆங்லர்ஸ். இனிமே குஞ்சு இருக்கற ஸ்பாட்ல போட மாட்டோம். தேங்க் யூ மேம்."

எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. விசாரித்தால், நான் பேசியதையெல்லாம் பிரசாந்த் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். தலைப்பு என்ன தெரியுமா? உத்திரமேரூர் பக்கம் சூப்பர் ஸ்பாட், ஆபீசர் ஆன்ட்டி ரொம்ப ஸ்வீட். கீழே ஒருவன் கேட்டிருந்தான், ஃபைன் போடுவாங்களா ப்ரோ என்று. இல்ல ப்ரோ, வார்னிங் மட்டும்தான் என்று பதில்.

என்னை அதுவரை யாரும் ஸ்வீட் என்று சொன்னதில்லை. முதல் தடவை சொன்னவனும் இப்படியா சொல்ல வேண்டும்?

மாதாந்திரக் கூட்டத்தில் ஏ.டி. சார், அதாவது எங்கள் உதவி இயக்குநர், எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, உங்க ஏரியால வார்னிங் குடுத்துட்டு இருக்கீங்களாமே? வார்னிங் குடுக்கறதுக்கு கவர்மென்ட் எதுக்கு சம்பளம் தரணும்? ஃபைன் போடுங்க. யாரா இருந்தாலும் போடுங்க."

"போட்டேன் சார். ரசீதைக் காட்டி மீன் பிடிக்கறாங்க."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஏ.டி. சார் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. மழைக்காலம் பாதி போய்விட்டது, குஞ்சுக் கூட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன.

4. குந்துங்க

அடுத்த நாள் காலை, நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் நாணல் ஓரத்தில் தசரதன் நின்றிருந்தார். கையில் இருந்த விரால் முழங்கை நீளம், துள்ளிக்கொண்டிருந்தது. காலடியில் ஈரச் சாக்கு.

நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர் உடனே சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். அந்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருந்தார்.

அபராதப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப் போகிறது என்ற வெறுப்புத்தான் காரணம், வேறு பெரிய யோசனையெல்லாம் இல்லை. "அதைச் சாக்குல போடுங்க. போட்டுட்டு இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. இன்னைக்கு உங்களுக்கு ரசீதும் கிடையாது, திட்டும் கிடையாது."

அவருக்கு அதுதான் பயமாக இருந்திருக்கும். கரைக் கல்லில் உட்கார்ந்தார். நானும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். விராலை எடுத்த இடத்தில் குஞ்சுக் கூட்டம் அப்படியே இருந்தது, சிவப்பாக, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு. ஜோடியில் ஒன்று ஏற்கெனவே அவர் வீட்டுக் குழம்பாகிவிட்டது, அவரே சொன்னார். மற்றது இதோ சாக்கில்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சுழிப்பு. ஜிலேபி மீன்கள் வந்துவிட்டன. அடியிலிருந்து வந்து வந்து கொத்தின. குஞ்சுகள் ஒரு பக்கம் ஒதுங்கின, அந்தப் பக்கமும் கொத்து விழுந்தது. வட்டமாக இருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தவை என்ன செய்வதென்று தெரியாமல் கரையோரம் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்தன. அங்கே கொக்கு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அது அவசரமே படவில்லை.

தசரதன் விராலைப் பிடித்த கையோடு வீட்டுக்குப் போகிறவர். அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அப்படித்தான். மீன் கிடைத்த பிறகு ஏரிக்கரையில் எவன் உட்கார்ந்திருப்பான்? பிடித்த பிறகு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஊரில் ஒருவர் கூடப் பார்த்ததில்லை.

"இன்னா மேடம் இது" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நாத்தங்கால்ல ஆடு பூந்த மாதிரி கீது."

"காவக்காரன் உங்க சாக்குல இருக்கான்."

அவர் எழுந்த வேகத்தில் வேட்டி கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். விரால் எளிதில் சாகாது, ஈரச் சாக்கில் நெடுநேரம் தாங்கும். இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டார். அது சற்று நேரம் அசையாமல் கிடந்தது. "போ நைனா, போ" என்று அதனிடம் கெஞ்சினார். வாலை ஒரு தடவை அடித்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

இருவரும் மறுபடி உட்கார்ந்தோம். திரும்பி வருமா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. தூண்டில் முள் குத்திய மீன். அப்படியே ஓடிப்போனாலும் போகும். தசரதன் பீடியைப் பற்றவைத்துவிட்டுப் புகைக்க மறந்து வைத்திருந்தார். அப்புறம் தண்ணீருக்கு அடியில் கருப்பாக ஒன்று நகர்ந்தது. ஒரு ஜிலேபி தண்ணீருக்கு வெளியே துள்ளி விழுந்தது, இன்னொன்று விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. சிதறிக் கிடந்த சிவப்பெல்லாம் மெதுவாக ஓரிடத்தில் கூடியது. முன்பு இருந்ததில் பாதிதான். ஆனால் கூடியது.

"வந்துட்டான்" என்றார் தசரதன். கண் கலங்கியிருந்ததை மறைக்கவில்லை. "மேடம், வந்துட்டான்."

அத்தனை வருட சர்வீஸில் எத்தனையோ அபராதம் போட்டிருக்கிறேன், எத்தனையோ பேரை எச்சரித்திருக்கிறேன். ஓர் ஆள் மனசு மாறுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

5. புது நடைமுறை

அன்றிலிருந்து அந்த ஏரியில் ஒரு நடைமுறை வந்தது. எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. முதல் தடவை குஞ்சுக் கூட்டத்தில் விரால் பிடித்து மாட்டினால் அபராதம் இல்லை. மீனைச் சாக்கில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நடப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு மீனைத் திரும்ப விட்டுவிட்டுக் கூட்டம் கூடும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை மாட்டினால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அபராதம், தூண்டிலும் பறிமுதல்.

ஊரில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு மேடம் யார குந்த வெச்சாங்க?" என்று டீக்கடையில் கேட்டுக்கொள்வார்களாம். நான் இல்லாத நேரத்தில் குந்த வைக்கிற வேலையைத் தசரதன் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே. என்னைவிடக் கறாரான ஆள். பொரி கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து, மாட்டியவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழுந்தால் தோளைப் பிடித்து அமுக்குவார். "நாஷ்டா ஆறிப்போனா போவட்டும். குந்து. பாரு."

பிரசாந்தையும் குந்த வைத்தேன். அவன் முகத்தில் அன்று ஸ்வீட் ஆன்ட்டி என்ற எண்ணம் இல்லை. கேமராவை மட்டும் அணைக்கவில்லை. நடந்ததை முழுசாக, வெட்டாமல் போட்டான். சிவப்புக் கூட்டம் சிதறுவது, கொக்கு தின்பது, கடைசியில் விரால் திரும்பி வருவது எல்லாம். அதற்கப்புறம் வந்த சென்னைக்காரர்கள் கரையில் இறங்கியதும் முதலில் கேட்ட கேள்வி, "அங்கிள், குஞ்சு எந்தப் பக்கம் இருக்கு? நாங்க அங்க போகாம இருக்கத்தான்." கேட்டது தசரதனிடம். அவருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

இரண்டாவது தடவை மாட்டியவர் ஒரே ஒருவர். தசரதனின் சொந்த அண்ணன். கையைப் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தவரும் தசரதன்தான்.

"எங்க அண்ணன்னு பாக்காதீங்க மேடம். எயுதுங்க."

எழுதினேன். அண்ணன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வெச்சிக்கினு நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இது தண்டம்" என்றார் தசரதன். "இத வெச்சிக்கினு வூட்டுக்குத்தான் போலாம்."

6. வெள்ளைக் கார்

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனியம்மாவிடமிருந்து போன். "மேடம், கரண்ட் வெக்கிறானுங்க. சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தால் கரைமேல் ஒரு வெள்ளைக் கார். மூன்று பேர். பேட்டரி, இன்வெர்ட்டர், மூங்கில் முனையில் செம்புக் கம்பி. தண்ணீரில் கரண்ட் வைத்தால் பெரிய மீன் மயங்கி மேலே வரும், அள்ளிக்கொள்ளலாம். சின்ன மீன் மயக்கத்தோடு நிற்காது, செத்து மிதக்கும். கரையோரம் விரால் குஞ்சுகள் மிதந்துகொண்டிருந்தன. முனியம்மா முழங்காலளவு தண்ணீரில் நின்று அவற்றைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவர்கள் தப்பிப் போக முடியவில்லை. ஒரு பக்கம் தசரதன் தன் டிராக்டரைக் கரைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம் பிரசாந்தும் அவன் நண்பர்களும் பைக்குகளை வரிசையாக நிறுத்தி, ராடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நாள் முன்பு நான் அபராதம் போட்ட ஆளும் எச்சரித்து விட்ட ஆட்களும்தான் அன்று என் பக்கம் நின்றவர்கள்.

மூவரில் வெள்ளைச் சட்டை போட்டவர் அந்தப் பகுதிப் பிரமுகர் ஒருவரின் மச்சான். பதற்றமே இல்லை. "மேடம், ஒரு போன் வரும், பேசுங்க" என்றார்.

சொன்னபடியே என் போன் அடித்தது. ஏ.டி. சார்.

"ஏம்மா, அங்க ஏதோ பிரச்சினையாமே. தெரிஞ்சவங்கதான். சின்ன விஷயம். ஒரு வார்னிங் குடுத்து அனுப்பிடுங்க."

கரையில் ஊர் பாதி கூடியிருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "சார், மழைக் காத்துல சரியா கேக்கல. ஸ்பீக்கர்ல போடறேன், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். போனைத் தூக்கிப் பிடித்தேன். "ஊர் ஜனமெல்லாம் இருக்காங்க சார். சங்கத்துக்காரங்க, விவசாயிங்க, மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்க. அவங்க வீடியோவும் எடுக்கறாங்க. சொல்லுங்க சார், வார்னிங் குடுக்கணுமா, கேஸ் போடணுமா?"

கரையில் யாரோ ஒருவர் இருமினார். பிறகு ஏ.டி. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரூல்ஸ்படி செய்யுங்கம்மா" என்றார். வைத்துவிட்டார்.

கூட்டத்தில் எழுந்த விசில் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் பழையசீவரம் வரை கேட்டிருக்கும்.

தசரதன் என் காதருகே வந்து கேட்டார். "மொத தடவைதான மேடம். இவுங்களையும் குந்த வெக்கலாமா?"

"வேணாம். உங்களுக்கு நடக்கறது தெரியாம இருந்துச்சு, உக்கார வெச்சேன். இவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பேட்டரி தூக்கிட்டு வந்திருக்காங்க."

பேட்டரி, இன்வெர்ட்டர், கம்பி, பிடித்த மீன் எல்லாம் பறிமுதல். அபராதம். அதோடு போலீஸில் புகார். மச்சான் காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, "எத்தினி நாளைக்கு இந்த ஏரியால இருக்கப்போறீங்கன்னு பாக்கறேன்" என்றார். ரிட்டையர் ஆகிற வரை இருந்தேன். அவர்தான் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

7. தை மாதம்

இதையெல்லாம் செய்தவுடன் ஏரி விராலால் நிறைந்துவிட்டது என்று எழுதினால் பொய். மீன் ஒரே மழையில் வளர்ந்துவிடாது. அந்தத் தையிலும் சில குடும்பங்கள் சூளைக்குப் போயின. முனியம்மா போகவில்லை. "இன்னொரு வருசம் பாக்கலாம்" என்று மற்றவர்களையும் பிடித்து நிறுத்தி வைத்தார். அப்படி நின்றவர்களுக்கு அந்த ஒரு வருஷம் எப்படிப் போயிற்று என்பது எனக்குத் தெரியும். அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாளும் இருந்தது. ஒவ்வொரு தடவை அவரைப் பார்க்கும்போதும், என் பேச்சை நம்பித்தானே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த தையில், தண்ணீர் இறங்கியபோது பெரிய வலை போட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுக்க, வலை கரையை நெருங்க நெருங்க தண்ணீர் கொந்தளித்தது. முதலில் கட்லா. பிறகு விரால். வலைக்கு மேலே தாவித் தாவி விழுந்தன. பிள்ளைகள் கைகளை விரித்துக்கொண்டு பிடிக்க ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போட்ட யூனிஃபார்மோடு வந்து சேற்றில் நின்ற பிள்ளைகள். தசரதன் வலை இழுக்கிற ஆளே இல்லை, அவருக்கு அதில் ஒரு மீன் கூடப் பங்கு கிடையாது. ஆனால் அன்று அவர் போட்ட சத்தத்தில் நான்கு பேருக்குச் சேர்த்து இழுத்திருக்கலாம்.

சூளை மேஸ்திரி அன்றைக்கென்று வந்திருந்தார். வருஷா வருஷம் தையில் வந்து அட்வான்ஸ் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். கரைமேல் பைக்கை நிறுத்திவிட்டு, வலை முடிந்து இவர்கள் ஏறி வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: மேடம், வார்னிங் குடுக்கணுமா, ஃபைன் போடணுமா? ஏ.டி. சாரைப் போல, ஆளுக்கு ஏற்ற மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள் என்பேன். எதிரே நிற்கிறவனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் பாருங்கள். தெரியாதவனுக்குக் காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள், கண்ணில் படும்படி காட்டுங்கள். தெரிந்தே செய்கிறவனுக்கு ரசீதைக் கிழித்துக் கொடுங்கள், அவன் யாருடைய மச்சானாக இருந்தாலும். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு தெரிந்துகொள்ளவே முக்கால்வாசி சர்வீஸ் போய்விட்டது.

அன்று வலை முடிந்ததும் முனியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேறு வழிய வழியக் கரை ஏறினார். கையில் ஒரு விரால், வாயில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். நேராக மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி பழக்கத்தில் சட்டைப் பையில் கையை விட்டார்.

"ஆள் இல்ல மேஸ்திரி" என்றார் முனியம்மா. "இந்தா, இத எடுத்துக்கினு போயி கொயம்பு வெச்சி சாப்பிடு. அடுத்த வருசம் இந்த ஊருக்கு வராத."